நிறுத்த இடம் கொடுத்தவையும் கொடுக்காததும்: 2024இன் விளையாட்டுகளில் எனக்குப் பிடித்தவை

கணினியோடு இணைத்திருக்கும் யு.பி.எஸ். மூன்று வாரம் பழுதுபார்க்கும் கடையில் கிடந்துவிட்டுப் போன வெள்ளிக்கிழமைதான் வீடு திரும்பியது. உள்ளே இருந்த பேட்டரி உப்பிப்போயிருந்தது. அதே அளவில் புதியது வந்து சேர அத்தனை நாள் ஆயிற்று. அந்த மூன்று வாரமும் மின்சாரம் போன கணத்திலேயே கணினியும் அணைந்தது. ஒரு விளையாட்டு தன்னை ஆடுபவரின் நேரத்துக்கு எவ்வளவு மதிப்புக் கொடுக்கிறது என்று அறிய இதைவிடக் கடுமையான சோதனை எனக்குத் தெரிந்து இல்லை. திரை சட்டென்று இருண்டு, விசிறி ஓய்ந்து, அரை மணி நேரம் கழித்து விளக்கு எரிந்ததும் மறுபடி கணினியைப் போட்டு விளையாட்டைத் திறக்கும்போது நாம் எங்கே நிற்கிறோம் என்பதில் எல்லாமே தெரிந்துவிடும்.

யு.பி.எஸ்.ஸை மேசைக்கு அடியில் தள்ளி வைத்த அன்றிரவே கல்லூரி நண்பன் ஒருவன் அழைத்தான். 2024இல் வந்த விளையாட்டுகள் பலவற்றின் விலை நன்றாக இறங்கியிருப்பதைப் பார்த்துவிட்டு, “மச்சான், நீ எல்லாத்தையும் ஆடியிருப்ப. எதை மொதல்ல வாங்கட்டும்? பாப்பா தூங்குன பிறகு ஒரு மணி நேரம்தான்டா எனக்குக் கெடைக்கும், அதுலயும் நடுவுல எந்திரிச்சு அழுவா” என்றான். கிராபிக்ஸ் கார்டு தாங்குமா, எவ்வளவு இடம் பிடிக்கும் என்பதையெல்லாம் அவன் கேட்கவில்லை. அவை அவனுக்குத் தெரிந்தவை. அவன் கேட்டது, குழந்தை அழுதால் உடனே எழுந்து போக முடியுமா என்பதைத்தான். விமர்சனங்களில் கதை, இசை, சண்டை என்று எல்லாவற்றுக்கும் மதிப்பெண் போடுகிறார்கள். எழுந்து போக முடியுமா என்ற கேள்விக்கு ஒரு வரி ஒதுக்குபவர் அரிது. 2024இன் விளையாட்டுகளோடு ஓராண்டுக்கு மேல் பழகிவிட்ட பிறகு எனக்கு எழுதத் தோன்றுவது அந்த ஒரு வரியைப் பற்றித்தான்.

இது எனக்குச் சிறு வயதிலேயே ஒட்டிக்கொண்ட கவலை. தொலைக்காட்சிப் பெட்டியின் பின்னால் செருகி ஆடும், மஞ்சள் நிறக் கேசட் போடும் வீடியோ கேம் ஒன்று எங்கள் வீட்டில் இருந்தது. அதில் அண்ணனும் நானும் ஆடியது பெரும்பாலும் சூப்பர் மாரியோ பிரதர்ஸ். எட்டு உலகங்கள், உலகத்துக்கு நான்கு நிலைகள், ஆக மொத்தம் 32; எந்த இடத்திலும் ஆடிய தூரத்தைச் சேமிக்க வழியில்லை. ஆறாவது உலகத்தை எட்டிய ஒரு மாலையில் அண்ணன் தொலைக்காட்சியை மட்டும் அணைத்துவிட்டு, கேமை அப்படியே ஓடவிட்டு, அதன் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடினான், அம்மாவின் கண்ணில் படக் கூடாது என்பதற்காக. இரவு எட்டு மணிக்கு மின்சாரம் போயிற்று. மறுநாள் முதல் உலகத்திலிருந்து தொடங்கினோம். 1986இல் வந்த முதல் டிராகன் குவெஸ்ட், இருந்த இடத்துக்குத் திரும்ப இருபது ஜப்பானிய எழுத்துகளைத் தாளில் எழுதிவைத்துக்கொள்ளச் சொன்னது என்பதையும், 1987இல் அமெரிக்காவுக்குப் போன முதல் செல்டா விளையாட்டின் கேசட்டுக்குள்ளேயே ஒரு சிறு பேட்டரி வைத்து நினைவகத்தைக் காத்தார்கள் என்பதையும் நான் வளர்ந்த பிறகு தெரிந்துகொண்டேன். சேமிப்பு என்பதே ஒருவர் இன்னொருவருக்காக யோசித்துச் செய்த ஏற்பாடு என்று எனக்கு அப்போது பட்டது. இன்றும் அப்படித்தான் படுகிறது.

அந்த ஏற்பாட்டை 2024இல் மிகச் சிறப்பாகச் செய்தது பலாட்ரோ. பிப்ரவரி 20 அன்று வெளிவந்த இந்தச் சீட்டு விளையாட்டை லோக்கல்தங்க் என்ற புனைபெயரில் மட்டும் தன்னைக் காட்டிக்கொள்ளும் கனடாக்காரர் ஒருவர் உருவாக்கினார். போக்கர் ஆடத் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. பணம் வைத்து ஆடுவதும் இல்லை. கையில் எட்டுச் சீட்டுகள், அவற்றில் ஐந்து வரை இறக்கலாம், இறக்கிய சேர்க்கைக்கு ஒரு மதிப்பும் ஒரு பெருக்கமும் உண்டு, இரண்டையும் பெருக்கினால் புள்ளி. இந்தக் கணக்கை வளைப்பதற்காகவே 150 ஜோக்கர்கள் இருக்கின்றன. அவற்றில் ஒரே நேரத்தில் வழக்கமாக ஐந்தை மட்டுமே வைத்துக்கொள்ளலாம்.

ஓர் ஆட்டத்தைச் சொன்னால் புரியும். என்னிடம் பேரன் என்ற ஜோக்கர் இருந்தது. இறக்காமல் கையிலேயே வைத்திருக்கும் ஒவ்வொரு ராஜாவுக்கும் அது பெருக்கத்தை ஒன்றரை மடங்காக்கும். மூன்று ராஜாக்களைப் பிடித்துவைத்தால் 3.375 மடங்கு. பக்கத்தில் மைம் என்ற ஜோக்கரும் வந்து அமர்ந்தது. கையில் இருக்கும் சீட்டுகளின் பலனை அது இன்னொரு முறை எண்ண வைக்கும். இப்போது அதே மூன்று ராஜாக்களுக்குப் பதினொரு மடங்குக்கு மேல். ஆட்டத்தின் நடுநடுவே வரும் கடைகளில் ராஜாக்களைச் சேர்த்து, வேண்டாத சின்னச் சீட்டுகளைக் கழித்து, ஏழாவது சுற்றுவரை வந்துவிட்டேன். எட்டாவதைத் தாண்டினால் வெற்றி. ஏழாவதின் இறுதியில் காத்திருந்தது தி பிளான்ட் என்ற தடை: ராஜா, ராணி, ஜாக் ஆகிய படச்சீட்டுகள் எல்லாம் அதன் முன்னால் செத்த சீட்டுகள். அதுவரை கட்டியதெல்லாம் அந்த ஒரு தடையின் முன் பயனற்றுப் போகும். அதற்கு முந்தைய கடையில் லுச்சடோர் என்ற ஜோக்கர் விலைக்கு வந்தது. தடையின் நடுவே அதை விற்றால் தடையின் வலு போய்விடும். ஆனால் என்னிடம் ஐந்து இடமும் நிரம்பியிருந்தன. எதைக் கழற்றுவது என்று சுட்டியை ஒவ்வொரு ஜோக்கரின் மேலும் கொண்டுபோய்க்கொண்டிருந்தபோதுதான் மின்சாரம் போயிற்று.

நாற்பது நிமிடம் இருட்டில் இருந்தேன். அந்த நாற்பது நிமிடமும் அதே ஐந்து ஜோக்கர்களை மனத்துக்குள் மாற்றி மாற்றி அடுக்கிப் பார்த்தேன். மின்சாரம் வந்து, விளையாட்டைத் திறந்து, தொடர் என்ற பொத்தானை அழுத்தியதும் அதே கடை, அதே லுச்சடோர், அதே விலை, கையிருப்பில் அதே காசு. கல்லா மூடிய கடைக்காரர் பொருளை நமக்காக எடுத்துவைத்திருப்பதுபோல் இருந்தது. அந்த நிம்மதியை நான் மிகையாகச் சொல்லவில்லை. செப்டம்பர் 26 அன்று இது கைப்பேசிக்கும் வந்துவிட்டது. பேருந்துக்குக் காத்திருக்கையில் ஒரு கை ஆடிவிட்டுப் பையில் போட்டுக்கொள்ளலாம். டிசம்பரில் நடந்த தி கேம் அவார்ட்ஸ் என்ற ஆண்டு விருது விழாவில் சிறந்த சுயாதீன விளையாட்டு, சிறந்த கைப்பேசி விளையாட்டு என்று விருதுகள் வாங்கியது. குறை சொல்ல வேண்டுமென்றால் ஒன்றுதான்: எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம் என்பதாலேயே இதை நிறுத்தவேண்டிய தருணம் என்று ஒன்று வருவதே இல்லை. நள்ளிரவு தாண்டியும் ஆடிய நாள்கள் எனக்கு இந்த விளையாட்டில்தான் அதிகம்.

பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா: தி லாஸ்ட் கிரவுன் 2024 ஜனவரியில் வந்தது. சார்கோன் என்ற இளம் வீரன், கடத்தப்பட்ட இளவரசனைத் தேடிக் காஃப் மலைக்குள் நுழைகிறான். மலையில் காலம் குலைந்து கிடக்கிறது. பாரசீக மொழியிலேயே குரல்களைக் கேட்டு ஆடலாம். நான் அப்படித்தான் ஆடினேன், மற்றவர்களுக்கும் அதையே சொல்வேன். இந்த விளையாட்டில் சேமிப்பு, வாக்-வாக் என்ற பொன்னிற மரங்களின் அடியில் நடக்கிறது. மரத்துக்கு மரம் உள்ள தூரம் சில இடங்களில் சற்று அதிகம்தான். மின்சாரம் போன ஒரு நாள் முட்களும் சக்கரங்களும் நிறைந்த நீண்ட பாதை ஒன்றை மறுபடி கடக்க நேர்ந்தது. இருந்தும் இதன் மேல் எனக்குக் கோபமே வரவில்லை. காரணம், இதில் உள்ள நினைவுத் துணுக்கு என்ற வசதி.

இவ்வகை விளையாட்டுகளில் இன்று திறக்க முடியாத கதவைப் பார்த்துவிட்டு, பத்து மணி நேரம் கழித்து அதற்கான திறன் கிடைத்ததும் திரும்பி வர வேண்டும். தினம் ஆடும் பள்ளி மாணவனுக்கு அது சிரமமில்லை. நானோ வாரத்துக்கு இரண்டு இரவு ஆடுகிறவன். எந்தக் கதவு, எந்தப் பக்கம், ஏன் முடியாமல் போயிற்று என்பதெல்லாம் புதன்கிழமைக்குள் மறந்துபோகும். இங்கே, அந்தக் கதவின் முன் நின்று ஒரு பொத்தானை அழுத்தினால் நான் பார்த்துக்கொண்டிருக்கும் காட்சியே ஒரு படமாக வரைபடத்தில் குத்தப்பட்டுவிடுகிறது. பத்து நாள் கழித்து வரைபடத்தைத் திறந்து அந்தக் குறியின் மேல் வந்தால், உயரத்தில் ஒரு பெட்டி, கீழே முட்கள், நடுவே எட்டாத இடைவெளி என்று அன்று நான் கண்டதை அப்படியே காட்டுகிறது. என் மறதிக்கும் ஓர் இடம் ஒதுக்கி அதை வடிவமைத்தவர்களை நேரில் கண்டால் கைகூப்புவேன். சார்கோனுக்குக் கிடைக்கும் திறன்களில் ஒன்றும் இதே எண்ணத்தின் நீட்சிதான்: நின்ற இடத்தில் தன் நிழலை விட்டுவிட்டு முன்னே ஓடி, வேண்டும்போது நிழல் நிற்கும் இடத்துக்கே திரும்பிவிடலாம். நடுக்கடலில் புயல் அப்படியே உறைந்து நிற்கும் பகுதி ஒன்று உண்டு. எழும்பிய அலை விழாமல் நிற்க, உடைந்த கப்பலின் பலகைகள் காற்றில் தொங்க, அவற்றின் மேல் தாவிப் போகும்போது நான் பல முறை ஓடாமல் நின்று பார்த்தேன். இதைச் செய்த, யூபிசாஃப்ட் நிறுவனத்தின் மோன்பெல்லியே நகரக் குழுவினர் அந்த ஆண்டு முடிவதற்குள் வேறு பணிகளுக்குப் பிரித்து அனுப்பப்பட்டார்கள் என்ற செய்தி வந்தபோது உண்மையாகவே மனம் கனத்தது. இதன் அடுத்த பாகத்தை நான் ஆட விரும்பினேன்.

அனிமல் வெல், மே 9 அன்று வந்தது. பில்லி பாஸோ என்ற ஒருவர் ஏழாண்டுகள் உழைத்து, அடிப்படை மென்பொருள் முதற்கொண்டு தானே எழுதிச் செய்தது. பதிவிறக்க அளவு ஏறத்தாழ 33 எம்பி. என் கைப்பேசியில் ஒரு கல்யாண வீட்டுக் காணொளி இதைவிடப் பெரியது. இருண்ட கிணறு போன்ற குகைகள், அதற்குள் விலங்குகள், நமக்கோ கத்தியோ துப்பாக்கியோ கிடையாது; யோ-யோ, குமிழி ஊதும் குச்சி, எறிதட்டு, பட்டாசு என்று குழந்தையின் பெட்டியில் இருப்பவைதான் கருவிகள். துரத்தி வரும் பேயைப் பட்டாசு கொளுத்தி விரட்ட வேண்டும். சேமிப்பதற்கு அந்த இருளில் அங்கங்கே பழைய தொலைபேசிகள் வைக்கப்பட்டிருக்கின்றன. ரிசீவரை எடுத்தால் நாம் வந்த தூரம் பதிவாகிறது. 1996இல் ரெசிடென்ட் ஈவில் தட்டச்சுப் பொறியையும் மை நாடாவையும் சேமிப்புக்கு வைத்த காலத்திலிருந்து எத்தனையோ விதங்களைப் பார்த்திருக்கிறேன். இந்தத் தொலைபேசிதான் எனக்கு மிகவும் பிடித்தது. யாருமே இல்லாத ஆழத்தில் வீட்டுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட்டுக் கிளம்புவதுபோல் இருக்கிறது. அதன் கடைசிப் புதிர்களை எல்லாம் நான் அவிழ்க்கவில்லை. குகைகளில் ஒளிந்திருக்கும் 64 முட்டைகளில் பாதியைத் தாண்டியிருப்பேன், அவ்வளவே.

செப்டம்பரில் வந்த யூஎஃப்ஓ 50, எண்பதுகளில் இருந்ததாகப் பாவனை செய்யப்படும் ஒரு நிறுவனத்தின் ஐம்பது விளையாட்டுகளை ஒரே பெட்டியில் தருகிறது. ஐம்பதில் இருபதைத்தான் நான் சரியாக ஆடியிருக்கிறேன். அவற்றுள் பார்ட்டி ஹவுஸ் என்பதை மட்டும் தனியே விலைக்கு வைத்திருந்தாலும் வாங்கியிருப்பேன். வீட்டில் விருந்து வைக்க வேண்டும், யாரை அழைப்பது என்று நாமே பட்டியலிட வேண்டும், கூட்டம் சேர்ந்தால் புகழும் பணமும் கூடும். ஆனால் வம்புக்காரர்கள் மூவர் சேர்ந்துவிட்டால் போலீஸ் வந்து விருந்தைக் கலைத்துவிடும். கதவு மணி அடிக்கும் ஒவ்வொரு முறையும் இன்னும் ஒருவரை உள்ளே விடலாமா, இத்தோடு நிறுத்திக்கொள்ளலாமா என்று நெஞ்சு அடித்துக்கொள்கிறது. 25 நாளுக்குள் நட்சத்திர விருந்தாளிகள் நால்வரை ஒரே விருந்தில் கூட்ட வேண்டும். நான் இருபத்துநான்காம் நாள் கூட்டினேன்.

அஸ்ட்ரோ பாட் என்ற விளையாட்டை என் வீட்டில் ஆடவில்லை. அக்கா வீட்டில் பிளேஸ்டேஷன் 5 இருக்கிறது, அவள் மகனோடு விடுமுறை நாள்களில் ஆடினேன். ஓர் அடி பட்டாலே அதன் நாயகனான குட்டி ரோபோ அஸ்ட்ரோ விழுந்துவிடுவான், ஆனால் அடுத்த நொடியே பக்கத்தில் இருந்தே எழுந்துவிடுவான் என்பதால் ஏழு வயதுப் பையன் ஒரு முறைகூட முகம் சுருங்கவில்லை. சாப்பிட வரச் சொல்லி அக்கா கூப்பிட்டதும் அவன் நிறுத்திவிட்டு எழுந்து போனான். அந்த வீட்டில் அது நடந்து நான் பார்த்ததில்லை. அந்த ஆண்டின் சிறந்த விளையாட்டு என்ற விருது இதற்குக் கிடைத்ததில் எனக்கு ஆட்சேபம் இல்லை. அதே ஆண்டு வந்த இன்னொரு விளையாட்டான மெட்டஃபர்: ரீஃபேண்டசியோவை நான் இன்னும் முடிக்கவில்லை என்பதால் அதைப் பற்றி இங்கே எதுவும் சொல்லப் போவதில்லை.

நடுவில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அதே மூன்று வாரத்தில், பெயர் குறிப்பிட விரும்பாத பெரிய விளையாட்டு ஒன்று எனது முப்பது மணி நேரச் சேமிப்பைக் கெடுத்துவிட்டது. திரையின் மூலையில் சேமிக்கும் குறி சுழன்றுகொண்டிருந்தபோது மின்சாரம் போயிற்று. திரும்ப வந்து திறந்தால் கோப்பு பழுதாகிவிட்டது என்ற ஒற்றை அறிவிப்பு. இதற்கு மின்வாரியத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. புதிய சேமிப்பைத் தனிக் கோப்பாக முழுவதும் எழுதி முடித்த பிறகு பழையதன் இடத்தில் வைப்பது, பழையதின் நகல் ஒன்றை ஓரமாக வைத்திருப்பது ஆகியவை மென்பொருள் எழுதும் எவருக்கும் தெரிந்த எளிய முறைகள். பழைய கோப்பின் மேலேயே நேராக எழுதினால், பாதியில் அறுந்தால் பழையதும் இல்லை, புதியதும் இல்லை. அலைகளின் நுரையையும் குதிரையின் பிடரி மயிரையும் வரைவதற்குச் செலவிட்ட உழைப்பில் ஒரு நாளை இதற்கு ஒதுக்கியிருக்கலாம். அந்த விளையாட்டை அன்றே கணினியிலிருந்து நீக்கினேன். திரும்ப நிறுவும் எண்ணம் இல்லை.

இனி, என்னை மிகவும் எரிச்சலூட்டியதற்கு வருகிறேன். எல்டன் ரிங் என்ற விளையாட்டின் விரிவாக்கமான ஷேடோ ஆஃப் தி எர்ட்ட்ரீ 2024 ஜூன் 21 அன்று வந்தது. மூல விளையாட்டில் ராடான், மோக் என்ற இரு பெரிய எதிரிகளையும் வென்றவர்கள் மட்டுமே இதற்குள் நுழைய முடியும். இதன் சேமிப்பு மிகவும் தாராளமானது: நாம் கேட்காமலே ஓயாமல் பதிவுசெய்துகொண்டே இருக்கிறது, கோப்புக்கு ஒரு நகலும் வைத்துக்கொள்கிறது. மூன்று வாரத்தில் மின்சாரம் ஆறேழு முறை என்னை இதன் நடுவிலிருந்து பிடுங்கி எறிந்தது. ஒவ்வொரு முறையும் நின்ற இடத்துக்கு ஓரிரு எட்டு தள்ளியே திரும்ப எழுந்தேன். அப்படிப்பட்ட விளையாட்டில் இடைநிறுத்தம் இல்லை. பட்டியலைத் திறந்தாலும் உலகம் ஓடிக்கொண்டே இருக்கிறது, எதிரி அடித்துக்கொண்டே இருக்கிறான். பிற ஆட்டக்காரர்கள் நம் உலகத்துக்குள் வரக்கூடும் என்பதால் உலகத்தை நிறுத்த முடியாது என்று காரணம் சொல்வார்கள். இணையத்தைத் துண்டித்துவிட்டுத் தனியாக ஆடினாலும் அதே நிலைதான். இதைச் செய்தவர்களே 2019இல் கொண்டுவந்த செகிரோவில் நிறுத்தும் வசதி இருந்தது. ஆக, முடியாது என்பதற்கும் இடமில்லை. இன்னும் வியப்பு, பொருள்பட்டியலின் உதவிப் பகுதியில் பட்டியல் விளக்கம் என்று ஒன்று இருக்கிறது; அதைத் திறந்துவைத்தால் உலகம் நின்றுவிடுகிறது. அதாவது நிறுத்தும் வசதி உள்ளே இருக்கிறது, ஆனால் அதற்கு ஒரு பொத்தான் இல்லை. மூன்று நான்கு அழுத்தல்களுக்குப் பின்னால் அது ஒளிந்துகிடக்கிறது. சண்டையின் நடுவே அதைத் தேடிப் போவதற்குள் ஆள் செத்துவிடுவான்.

மெஸ்மரோடு ஐந்தாம் நாள் மோதிக்கொண்டிருந்தேன். நிழல்கோட்டையின் உள்ளே, ஈட்டியும் நெருப்பும் கொண்டு நிற்பவன் அவன். பாதி உயிர் குறைந்ததும் தன் கண்ணையே பிடுங்கி நசுக்குகிறான். உடம்புக்குள் அடைபட்டிருந்த பாம்பு வெளியே வருகிறது. அன்று முதல் முறையாக அந்த இரண்டாம் பாதியில் அவன் உயிரைக் கால்வாசிக்குக் குறைத்திருந்தேன், கையில் இன்னும் இரண்டு குடுவை மருந்து மீதம். அப்போது உள்ளறையிலிருந்து அப்பா, “தம்பி, அந்த மாத்திரை எங்கப்பா வெச்ச?” என்று கேட்டார். இரவு ஒன்பதரை மணி மாத்திரை. அதை எடுத்துக்கொடுப்பது என் பொறுப்பு. கட்டுப்பாட்டுக் கருவியை மேசையில் வைத்துவிட்டு எழுந்தேன். தண்ணீர் கொடுத்து, அவர் விழுங்கும்வரை நின்று, திரும்பி வந்தபோது என் வீரன் மெஸ்மரின் அறை வாசலுக்குப் பக்கத்தில் எழுந்து நின்றுகொண்டிருந்தான். மெஸ்மருக்கு முழு உயிர். அப்பா ஒரு நிமிடம் பொறுத்திருப்பார், ஆனால் அவரைக் காத்திருக்கவைக்க வேண்டிய நிலைக்கு ஒரு விளையாட்டு என்னைக் கொண்டுபோவதை நான் ஏற்க மாட்டேன். ஒரு பொத்தான். இவ்வளவு பெரிய உலகத்தைக் கட்டியவர்களிடம் நான் எதிர்பார்ப்பது அது ஒன்றுதான்.

செப்டம்பரில் வந்த திருத்தம் கடைசி எதிரியின் சில தாக்குதல்களைத் தணித்தது. விளையாட்டு கடினமாக இருக்கிறது என்று உலகெங்கும் எழுந்த குரல் அவர்களை எட்டியிருக்கிறது என்பதற்கு அது சான்று. கடினத்தைப் பற்றி எனக்குப் புகாரே இல்லை. நம் வலுவைக் கூட்டும், இருபது படி உயரக்கூடிய நிழல்மர அருளைத் தேடிச் சேர்த்தால் எந்த எதிரியும் வழிக்கு வருவான். எழுந்து போக விடு என்பதே என் புகார், அதற்கு எந்தத் திருத்தமும் வரவில்லை.

இத்தனையும் சொன்ன பிறகு, 2024இல் உனக்கு மிகவும் பிடித்தது எது என்று கேட்டால் நான் எர்ட்ட்ரீயைத்தான் சொல்வேன். கணக்குப் பார்த்தால் பலாட்ரோவோ பிரின்ஸோதான் முன்னால் நிற்க வேண்டும். நண்பனுக்கும் அந்த இரண்டையுமே சொன்னேன். ஆனால் மோகின் அரங்கில் தொங்கும் அந்த வாடிய கையைத் தொட்டதும், கல்லறைகள் பேய்போல் வெளிறி நிற்கும் சமவெளியில் கண்விழித்து, தொலைவில் திரைச்சீலைகள் தொங்கும் நிழல்மரத்தைப் பார்த்த கணம் எனக்கு வேறு எதிலும் கிடைக்கவில்லை. தெற்கே இறங்கிப் போனால் நீலக் கடற்கரை. கால் வைக்கும் இடமெல்லாம் நீலப் பூக்கள், கரையில் கவிழ்ந்த கல் பெட்டகங்கள், காற்றின் ஓசையைத் தவிர வேறு ஒலியே இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அதிகாலை, வீட்டில் அனைவரும் தூங்கிக்கொண்டிருக்க, குதிரையை மெதுவாக நடத்திக்கொண்டு அந்தக் கரையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போனேன். எதையும் சேகரிக்கவில்லை, யாரையும் அடிக்கவில்லை. அன்று என்னை யாரும் கூப்பிடவும் இல்லை. ஓர் உலகம் எனக்காக நிற்காமல் தன்போக்கில் நடந்துகொண்டிருந்ததால்தான் அது உண்மையான இடமாகத் தோன்றியதா என்று யோசித்துப் பார்த்தேன்; அப்படியே இருந்தாலும் அப்பாவின் மாத்திரைக்கு அது பதிலாகாது. இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன்: பிடித்திருக்கிறது, மன்னிக்கவில்லை.

நேற்று இரவு அந்தக் கரைக்கே மறுபடி போயிருந்தேன். பத்தரை மணிக்கு மின்சாரம் போயிற்று, யு.பி.எஸ். கீச்சிட்டது, திரை அணையவில்லை. குதிரையை ஒரு பாறையின் அருகே கொண்டுபோய் நிறுத்தி, முறையாக வெளியேறி, கணினியை அணைக்க எனக்கு இரண்டு நிமிடம் போதுமாக இருந்தது. பேட்டரியில் அதற்குப் பிறகும் மீதம் இருந்தது.

நண்பன் பலாட்ரோவைக் கைப்பேசியிலும் பிரின்ஸைக் கணினியிலும் வாங்கிவிட்டான். எர்ட்ட்ரீயை ஏன் இப்போது வேண்டாம் என்கிறாய் என்று கேட்டான். பாப்பாவுக்கு இன்னும் இரண்டு வயது நிறையவில்லை. அவள் இரவு முழுக்க எழாமல் தூங்கத் தொடங்கியதும் சொல், அதை நானே உனக்கு வாங்கித் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.